தாழைமுனையின் ஆண்டவர் எங்கே?

ஆண்டவர் காணாமல் போய் இது மூன்றாவது பெரிய வெள்ளி.

தாழைமுனைச் சனம் அவரைத் தேடி அலைந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் தேடவே இல்லை. இடப்பெயர்வின்போது ஆண்டவரை வன்னிக்கு ஏற்றிப் போனதாகவும், புதுக்குடியிருப்பில் உழவு மெசினோடு சேர்ந்து எரிந்துபோனதாகவும் கோயில் மூப்பர் செபமாலை என்பவர் சொல்லிவிட்டார். செபமாலை பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் சொன்னால் ஊர் கேள்வி கேட்காது. அழுது முடித்துவிட்டுக் கூரைத் தகரம் வாங்கப் போய்விடும்.

கேள்வி கேட்பதற்கென்றே மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கந்தோர் இருந்தது. சைக்கிள் ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, வாசலில் ஒரு பலகை. "காணாமல் போனவை தேடித் தரப்படும் – யசிந்தா." பலகை ஏறிய முதல் கிழமையே வாசலில் வரிசை நின்றது. வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம் இருந்தது. மகன், மருமகன், தம்பி. யசிந்தா அக்கா அந்தக் கிழமை முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை பலகையின் அடியில் இன்னொரு வரி எழுதும்படி என்னிடம் தூரிகையைத் தந்தார். "பொருட்கள் மட்டும்."

மாடு பொருளா என்று கேட்டேன்.

"கதைக்காததெல்லாம் பொருள்தான். நீ அதில சேர மாட்டாய்," என்றார்.

நான் றெனால்ட். ஆட்டோ ஓட்டுவது என் தொழில். அக்காவுக்கு உதவியாளனாக இருப்பது என் தலையெழுத்து. அக்கா அதற்கு முன் ஒரு கோயில் கந்தோரில் தட்டச்சு செய்தவர். இந்தக் கரையின் கோயில் சரித்திரம் முழுவதும் அவருடைய விரல் நுனி வழியாகப் போயிருக்கிறது. தலைக்குள்ளும் தங்கியிருக்கிறது, அதுதான் எனக்குப் பிரச்சினை. உயிலங்குளத்துக்கு ஒரு ஓட்டம் போனால் திரும்பி வருவதற்குள் போர்த்துக்கீசனில் தொடங்கி ஒல்லாந்தன்வரை கேட்டு முடித்துவிடுவேன்.

2011ஆம் ஆண்டு, பெரிய கிழமையின் செவ்வாய்க்கிழமை. அருளம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான தேகம். ஒரு பை பாரைக் கருவாட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

"தாழைமுனை. போன வருசம் மண்டபம் முகாமில இருந்து திரும்பி வந்தனான். எங்கட ஆண்டவரைத் தேடித் தரவேணும்."

அக்கா பேனையை எடுத்தார். "கடைசியாக் கண்டது எங்க வைச்சு?"

எல்லாரிடமும் கேட்கும் முதல் கேள்வி அது. மாட்டுக்கும் அதுதான், மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான்.

"கோயிலுக்குள்ள. நான் இந்தியாவுக்கு வள்ளம் ஏறின வருசத்துப் பெரிய வெள்ளி. ஆள் உயரம் இருப்பார் தங்கச்சி. கை ரெண்டும் தோளில மடங்கும். சிலுவையில அறைஞ்சு வைச்சிருந்து, ஆணியைக் கழட்டி, கையை நெஞ்சில மடிச்சு, தூம்பாவில வளத்தித் தூக்குவினம். அந்த வருசம் ஆண்டவரின்ர காலைப் பிடிச்சு இறக்கினது என்ர மகன்."

தூம்பா என்பது மரித்த ஆண்டவரின் மரச் சுரூபத்தை வளத்தி, அதாவது கிடத்தி, சுமக்கும் கண்ணாடிப் பாடை. அதுவும் போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல்தான் என்று அக்கா எனக்கு ஏற்கெனவே பாடம் எடுத்திருக்கிறார்.

"மகன் இப்ப எங்க அக்கா?" என்று யசிந்தா அக்கா கேட்டார்.

அருளம்மா கருவாட்டுப் பையின் முடிச்சை ஒருமுறை இறுக்கினார். "சாந்தரூபன். சேமக்காலையில இருக்கிறான். செல் விழுந்தது. செபமாலை அண்ணைதான் அடக்கம் செய்தவர்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படியான இடத்தில் எனக்கு ஒரு பகிடியும் வராது.

"தேடுறதெண்டால் வன்னிப் பக்கம் தேடுங்கோ," என்றார் அருளம்மா. "புதுக்குடியிருப்பில, இரணைப்பாலையில. ஆராவது எடுத்து வைச்சிருப்பினம். எரிஞ்ச துண்டெண்டாலும் போதும். ஊருக்குள்ள தேடி நேரத்தை மினக்கெடுத்தாதேங்கோ. ஊருக்குள்ள இல்லை."

"இல்லையெண்டு எப்படித் தெரியும்?"

"இருந்தால் எனக்குத் தெரியாதே?"

அவர் போனபின் நான் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு, "புதுக்குடியிருப்புக்கோ? டீசலுக்குக் கருவாடு ஊத்தேலாது அக்கா," என்றேன்.

"தாழைமுனைக்கு விடு."

"அந்த மனிசி ஊருக்குள்ள தேட வேண்டாமெண்டு சொன்னவ."

"அதாலதான் போறம். மாட்டைத் துலைச்சவன் ஆரும் எந்தப் பட்டியைப் பார்க்க வேண்டாமெண்டு சொல்லுறதில்லை."

*

அடம்பன் தாண்டி வயல் முடிந்து உப்புத்தரை தொடங்கும் இடத்தில் தாழைமுனை. கோயிலுக்குப் பாதிக் கூரை புதுத் தகரம், மீதிக் கூரை வானம். சுவரில் செல் சன்னம் கொத்திய துளைகளுக்குள் குருவிகள் குடியிருந்தன. ஆனால் உள்ளே, பீடத்துக்கு இடப்பக்கம், தூம்பா அப்படியே நின்றது. கண்ணாடி இல்லை. கால் ஒன்றைக் கறையான் தின்றிருந்தது.

"ஊரில கதவு நிலையைக்கூடக் கழட்டிக்கொண்டு போயிருக்கிறாங்கள். இதை விட்டிட்டாங்களே," என்றேன்.

"பாடையை ஆர் களவெடுப்பான்?" அக்கா குனிந்து தூம்பாவுக்குள் கையை விட்டுத் தடவினார். "மெத்தை இருக்கு. தலையணை இல்லை."

"எலி."

"எலி மெத்தையை விட்டிட்டுத் தலையணையை மட்டும் தின்னுமோ? நல்லாப் படிச்ச எலிதான்."

செபமாலை மூப்பர் திறப்புக் கோர்வையோடு வந்தார். எழுபது வயது. பூட்டுவதற்கு ஒரு கதவும் மிஞ்சாத கோயிலின் திறப்புகள் எல்லாம் இன்னும் அவரிடம் இருந்தன. அக்கா வணக்கம் சொல்லிவிட்டு நேரே தொடங்கினார்.

"ஐயா, ஆண்டவரை எதில வைச்சு வன்னிக்குக் கொண்டு போனீங்கள்?"

"பெட்டியில."

"தூம்பாவில இல்லையோ?"

"அவசரம் பிள்ளை. செல் விழுந்துகொண்டிருந்தது. சனமெல்லாம் முன்னுக்குப் போயிட்டுது. கடைசியா நிண்டது நானும் என்ர மருமகனும்தான். அவனும் பிறகு இல்லை."

"கோயில் மணியைக் கழட்டி ஏத்தினீங்களாம்."

"ஓம்."

"விளக்குத்தண்டு, தூபக்கலசம், பாதரின்ர கதிரைகூட."

"ஓம்."

"தூம்பாவை விட்டிட்டு, அதுக்குள்ள கிடந்த தலையணையை மட்டும் எடுத்தீங்கள்."

கிழவர் திறப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். "தலை அடிபடக்கூடாதெண்டு," என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டவர்போல வெளியே போய்விட்டார்.

நாங்கள் ஆட்டோவுக்கு வந்தோம். நான் இயந்திரத்தை இழுக்கப்போக, அக்கா என் தோளில் கை வைத்தார். கோயிலுக்குப் பின்னால், அதே வளவுக்குள்தான் சேமக்காலை. அதன் நடுவால் நடந்து செபமாலை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்திருப்பார். ஓர் இடத்தில் நின்றார். முழங்காலை மடக்கி மண்ணில் ஊன்றி எழும்பி, மறுபடி நடந்தார்.

"கிழவருக்கு வாதம். முழங்கால் சொல்வழி கேக்குதில்லை," என்றேன்.

"எந்தக் கால்?"

"என்னக்கா, நான் என்ன வைத்தியனே?"

"எந்தக் கால், றெனால்ட்?"

"வலது."

அக்கா ஆட்டோவால் இறங்கிவிட்டார்.

*

தாழைமுனைச் சேமக்காலை வெறும் கடல் மணல். குழிகளைச் சுற்றிச் சங்கும் சிப்பியும் பதித்திருப்பார்கள். வசதியானவர்களுக்குச் சீமெந்துக் குருசு, மற்றவர்களுக்குப் பனைமரத்தில். நடுவில் ஒரு பழைய கல்லறை, சுண்ணாம்பு உதிர்ந்து எழுத்துத் தேய்ந்து கிடந்தது.

"இது ஆர் தெரியுமோ?" என்றார் அக்கா.

"சொல்லாமல் விட மாட்டீங்கள். சொல்லுங்கோ."

"கோவாவில இருந்து வந்த குருவானவர். ஒரு காலத்தில இந்தக் கரை முழுக்கக் கோவா அதிமேற்றிராணியாருக்குக் கீழ்தான். பிறகு ஒல்லாந்தன் வந்து கோயிலுகளைப் பூட்டி, குருமாரைக் கண்டால் பிடியெண்டான். கோவாக் குருமார் கூலியாள் வேசத்தில வள்ளம் ஏறி வந்து, வீட்டுக்குள்ள பூசை வைச்சிட்டுப் போனவை. அந்த நேரம் இந்த ஊர்ச்சனம் ஆண்டவரை என்ன செய்தவை எண்டு தெரியுமோ?"

"எரிச்சவையோ?"

"புதைச்சவை. ஒரு செத்தவீடு நடத்தி, ஒப்பாரி வைச்சு, பிரேதம் எண்டு சொல்லிப் புதைச்சவை. ஒல்லாந்தன் போனபிறகு எடுத்தவை. ஊர் அப்படித்தான் சொல்லுது. நான் தட்டச்சு அடிச்சது மட்டும்தான், சத்தியம் பண்ண மாட்டன்."

பிறகு இங்கிலீசுக்காரன் காலத்தில் பக்கத்து ஊர்க் கோயில்கள் எல்லாம் புது மேற்றிராணியாரிடம், அதாவது புது ஆயரிடம், போனபோதும், தாழைமுனை மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு, தங்களுக்குக் கோவாதான் என்று நின்றதாம். இன்றைக்கும் அயலூர்க்காரர் இவர்களைக் 'கோவாக்காரர்' என்றுதான் நக்கலடிப்பார்கள். பிடித்தால் பிடித்ததுதான்.

"அந்தப் பிடிவாதத்தாலதான் சொல்லுறன்," என்றார் அக்கா. "இந்த ஊரில ஆண்டவர் கோயில் வளவைத் தாண்டுறதெண்டால் தூம்பாவிலதான். வர்ணம் பூச மன்னாருக்குக் கொண்டுபோனபோதும் தூம்பாவோடதான் லொறியில ஏத்தினவை. செல் விழேக்க பாதரின்ர கதிரையை ஏத்தின மனிசன், தூம்பாவை விட்டிட்டு ஆண்டவரை ஏத்துவாரோ?"

"அப்ப?"

"ஆண்டவர் வளவைத் தாண்டேல்ல. வளவுக்குள்ளதான் இருக்கிறார். தலைக்கு ஒரு தலையணை வைச்சு." அக்கா சுற்றிப் பார்த்தார். "மேற்றிராணியாருக்கு மடக்கிறது இடது முழங்கால். வலது முழங்கால் ஆண்டவருக்கு மட்டும்தான். அறுபது வருசம் கோயிலில நிண்ட மனிசன். அவர் மறந்தாலும் கால் மறக்காது."

நான் மெல்லச் சிரித்தேன். கேஸ் முடிந்துவிட்டது, ஊருக்கு ஆண்டவர் கிடைக்கப்போகிறார், எனக்கு ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும் என்ற சந்தோசம். "அவர் மடக்கின இடத்தில எத்தினையோ குழி. எந்தக் குழி எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாத்தையும் கிண்டினால் சனம் எங்களைத் தாட்டுப்போடும்."

"கோவாச் சாமியின்ர குருசைப் பார். மற்றக் குருசுகளைப் பார்."

பார்த்தேன். கொஞ்ச நேரம் எடுத்தது. என் கண்ணுக்குப் பட்ட எல்லாக் குழியிலும் குருசு கோயிலுக்குத் தூரமான முனையில், தலைமாட்டில், நின்றது. கோவாச் சாமியின் குருசோ குழியின் கோயில் பக்கத்து முனையில் நின்றது.

"சனத்தைக் கோயிலுக்குக் கால் நீட்டி வளத்துவினம், பீடத்தைப் பாத்தபடி. குருவானவரைத் தலைமாறி வளத்துவினம், சனத்தைப் பாத்தபடி. பூசையில நிண்ட மாதிரியே மண்ணிலயும். செபமாலை ஆண்டவரைத் தாட்டிருந்தால் எப்படித் தாட்டிருப்பார்? சனத்துக்குப் பக்கத்தில சனம் மாதிரியோ?"

நான் குழி வரிசைகளுக்கிடையே ஓடினேன். மணலில் கால் புதையப் புதைய ஓடினேன். கோவாச் சாமிக்கு அடுத்தபடி தலைமாறி நின்றது ஒரே ஒரு குருசுதான். பனைமரக் குருசு. கிழவர் முழங்கால் மடக்கிய அதே இடம். சுற்றி வெள்ளைச் சிப்பி புதிதாகப் பதித்திருந்தது. அன்று காலை ஏற்றிய மெழுகுதிரி பாதியில் அணைந்து கிடந்தது. "அக்கா, பிடிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே குனிந்து பெயரைப் படித்தேன்.

சாந்தரூபன்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். அவரும் படித்தார். கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்டவர் இதற்குள் இருந்தால் அந்தப் பிள்ளை இதற்குள் இல்லை.

*

செபமாலை தன் வீட்டு முற்றத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தார்.

"ஐயா, எல்லாக் குருசும் ஒரு பக்கம். ஒரு குருசு மறுபக்கம்."

கிழவர் அகப்பையைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார். மறுக்கவே இல்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று மூன்று வருடம் காத்திருந்தவர்போல இருந்தது.

"பெட்டி அடிச்சுத் தாட்டிட்டன். சனத்தின்ர பக்கம் முகம் வைச்சுத்தான் தாட்டனான், வேற மாதிரி எனக்குக் கை வரேல்ல. புதுக்குழி. பெயரில்லாத புதுக்குழியைக் கண்டால் ரெண்டு பகுதியும் கிண்டும் பிள்ளை, ஆயுதம் எண்டு. ஒரு பெயர் வேணும். உயிரோட இருக்கிறவன்ர பெயரை எழுதக்கூடாது, ஆகாது. செத்தவனுக்கு ஏற்கெனவே ஒரு குழி இருக்கு. குழியில்லாத பெயர் ஊரில ஒண்டே ஒண்டுதான் இருந்தது."

"சாந்தரூபன்."

"தாயும் தங்கச்சியும் வள்ளம் ஏறினவை. பெடியன் வீட்டைப் பாக்க நிண்டவன், பிறகு வாறன் எண்டு. அடுத்த மாசி மாதம் அடம்பன் சந்தைக்குப் போனவன். பிடிச்சுக்கொண்டு போனது எண்டு கதை. ஆர் பிடிச்சதெண்டு அந்த நேரம் ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டால் அடுத்தது கேட்டவன். அவன் முடிஞ்சுது எண்டுதான் ஊர் நினைச்சது. நானும் நினைச்சன்."

"அருளம்மா அக்கா திரும்பி வருவா எண்டு நினைக்கேல்ல."

"ஆர் திரும்பி வருவினம் எண்டு ஆர் நினைச்சது?" கிழவர் அகப்பையைக் கீழே வைத்தார். "சண்டை முடிஞ்சு நான் அகதி முகாமால வர முந்தி அவ வந்திட்டா. நான் வரேக்க அந்தக் குருசைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு மண்ணில கிடக்கிறா. என்னைக் கண்டிட்டு ஒண்டே ஒண்டு கேட்டா. 'அண்ணை, பிள்ளை வேதனைப்பட்டவனோ?' எண்டு. நான் என்ன சொல்ல? இல்லைப் பிள்ளை, செல் விழுந்து உடன முடிஞ்சுது எண்டன். அண்டைக்கு அவ அந்த மணலிலயே நித்திரை கொண்டா. எத்தினையோ மாதத்துக்குப் பிறகு கொண்ட நித்திரை எண்டு பிறகு சொன்னவ. அதுக்குப் பிறகு நான் எந்த வாயால ஆண்டவரைக் கிண்டி எடுக்கச் சொல்லுறது?"

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் போய் இறக்கி வைத்தேன்.

"ஊரிட்டப் பொய் சொன்னது பாவம்தான்," என்றார் கிழவர். "பாவசங்கீர்த்தனத்துக்கும் போகேல்ல. போனால் பாதர் எடுக்கச் சொல்லுவார். ஊருக்கு ஆண்டவர் இல்லாமல் இருக்கலாம் பிள்ளை. ஆண்டவர் ஒண்டும் நினைக்க மாட்டார், அவர் மண்ணுக்குள்ள இருந்து பழகினவர். அவளுக்கு அந்தக் குழி இல்லாமல் இருக்கேலாது."

*

அருளம்மாவின் வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். பிறகு, "வன்னியில எரிஞ்சு போனார் எண்டு சொல்லப்போறன்," என்றார்.

"அக்கா, நீங்கள் ஒரு மாட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை."

"மாடு பெத்த பிள்ளைக்கு மெழுகுதிரி கொழுத்துறதில்லை, றெனால்ட்."

நான் ஆட்டோவை எடுத்தேன். பலகையில் அந்த வரியை அக்கா ஏன் எழுதச் சொன்னார் என்பது அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

உதவியாகக் கிடைத்த தகர வீடு. சுவரில் ஒரு படம்: வெள்ளைச் சேட்டுப் போட்ட பெடியன், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அருளம்மா எங்களை இருத்தினார். தேத்தண்ணி வந்தது. அக்கா கோப்பையைத் தொடவில்லை.

"விசாரிச்சம் அருளம்மா அக்கா. மூப்பர் சொன்னது மெய்தான். புதுக்குடியிருப்பில எரிஞ்சு போனார்."

அருளம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஆண்டவர் எரிந்துபோனார் என்று கேட்டு மலர்ந்த ஒரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மெய்யே? ஆர் கண்டது?"

"ஒரு... அங்க இருந்த ஒரு ஆள்."

"எந்த இடம்? கோயிலடியோ, சந்தியோ? கையெண்டாலும் மிஞ்சினதோ? நீங்கள் காலமை வெளிக்கிட்டுப் பின்னேரத்துக்குள்ள புதுக்குடியிருப்புக்குப் போய் வந்தனீங்களோ தங்கச்சி?"

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். எத்தனையோ பேரைக் கேள்வியால் மடக்கியவர், மூன்று கேள்வியில் மடங்கிப்போனார்.

அருளம்மா மெல்ல எழுந்து, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"குருசு மாறி நிக்குது எண்டு நான் வந்த அண்டைக்கே கண்டனான்," என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"நானும் தாழைமுனைதானே தங்கச்சி. தலைமாறி ஆரை வளத்துவினம் எண்டு எனக்குத் தெரியாதே? அவசரத்தில மாறி நட்டுப்போட்டினம் எண்டு எனக்கு நானே சொன்னன். ஒரு வருசமாச் சொன்னன். செபமாலை அண்ணை அதால போகேக்க முழங்கால் மடக்குவார். அதையும் கண்டும் காணாதமாதிரி மற்றப் பக்கம் திரும்பியிருப்பன். ஆண்டவரை வேற எங்கையாவது நீங்கள் தேடிப் பிடிச்சுத் தந்திருந்தால், ஒரு கருகின துண்டெண்டாலும் தந்திருந்தால், இஞ்ச கிடக்கிறது என்ர பிள்ளைதான் எண்டு இருந்திருப்பன். அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான். ஆண்டவரைத் தேட வரேல்ல. ஆண்டவர் என்னை மன்னிக்கவேணும்."

அக்கா அழுதார். நான் அவரோடு திரிந்த காலத்தில் அவர் அழுது கண்டது அன்றுதான். அருளம்மா அழவில்லை. வாசலைப் பார்த்தார். வேலிக்கு வெளியே செபமாலை நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் நடந்தே வந்திருக்கிறார். உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல், திறப்புக் கோர்வையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை," என்றார் அருளம்மா. "பெரிய வெள்ளிக்கு ஆண்டவரைக் கழுவித் துடைக்க நேரம் வேணும்."

"வேண்டாம் பிள்ளை. கிடக்கட்டும். நான் ஊருக்குச் சொல்லமாட்டன்."

"எனக்குச் சொல்லியாச்சுதே."

*

மணல் என்பதால் சுகமாகத் தோண்ட வந்தது. நானும் கிழவரும்தான் தோண்டினோம். பெட்டி தட்டுப்பட்டபோது கிழவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலை வாரத் தொடங்கினார். அருளம்மா குழியின் கரையில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி நிமிடத்திலும் அவர் எதையோ எதிர்பார்த்தார் என்று எனக்குப் பட்டது. நானும் எதிர்பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. எங்கள் கணக்கெல்லாம் பிழைக்கட்டும் என்று மனதுக்குள் செபம் சொல்லிக்கொண்டே பலகையை நெம்பினேன்.

தலையணை. அதன்மேல் முள்முடி. கை இரண்டும் நெஞ்சில் மடித்தபடி, ஒரு சிதைவுமில்லாமல், சனத்தின் பக்கம் முகம் வைத்து ஆண்டவர் கிடந்தார்.

செய்தி எப்படியோ பறந்துவிட்டது. பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி ஒப்பாரி தொடங்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சந்தோச அழுகைதான். மூன்று வருடத்து அழுகை. ஆண்கள் தூம்பாவை எடுத்து வர ஓடினார்கள். மணி இல்லாத கோயிலில் யாரோ ஒரு தகரத்தை மணியாக அடித்தார்கள். அந்த ஆரவாரத்தில் குருசில் எழுதியிருந்த பெயரை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

அருளம்மா பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஆண்டவரின் கண்ணிமையில் ஒட்டியிருந்த மணலைத் தலைப்பால் துடைத்தார். நெற்றியைத் துடைத்தார். கால்களைத் துடைக்கும்போது கை நின்றது. அந்தக் கால்களைத்தான் அவர் மகன் பிடித்து இறக்கினான். இரண்டு கையாலும் அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, அப்போதுதான் அழுதார். பெரிய சத்தமில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஆண்டவரைத் தூம்பாவில் ஏற்றிக்கொண்டு சனம் கோயிலுக்குப் போனது. செபமாலை குழியை மூட மண்வெட்டியை எடுத்தார்.

"பொறுங்கோ அண்ணை."

அருளம்மா எழும்பி அந்தப் பனைமரக் குருசை ஆட்டிப் பிடுங்கினார். தனியாக முடியவில்லை. நான் போய் ஒரு கை கொடுத்தேன். மணலைத் தட்டி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"செத்தவனுக்குத்தானே குருசு. இவன் செத்ததெண்டு இப்ப ஒருத்தரும் சொல்லேல்லையே."

நேற்றுவரை அந்தத் தாய்க்கு ஒரு துக்கம் இருந்தது, அதற்கு ஓர் இடமும் இருந்தது. இரண்டையும் நாங்கள்தான் கண்டுபிடித்துப் பறித்திருந்தோம். எனக்கு அந்த மணலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அருளம்மா மடியில் இருந்து அந்தப் படத்தை எடுத்தார். வெள்ளைச் சேட்டு, அடக்கிய சிரிப்பு. அக்காவுக்கு முன்னால் நீட்டினார்.

"உங்கட பலகையில எழுதியிருக்கிறதை வாசிச்சனான் தங்கச்சி. பொருட்கள் மட்டும் எண்டு. தெரிஞ்சுதான் கேக்கிறன்."

கோயிலுக்குள் இருந்து வியாகுலப் பாட்டுக் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். அக்கா படத்தை வாங்கினார். இரண்டு கையாலும் வாங்கினார். குழியின் கரையில், மணலில் உட்கார்ந்து, பேனையை எடுத்தார்.

"கடைசியாக் கண்டது எங்க வைச்சு?"

அருளம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்தார். குருசு மடியில் கிடந்தது.

"உந்தக் கரையிலதான். நாங்கள் வள்ளம் ஏறேக்க. வள்ளம் மணலில இறுகிப்போச்சுது. அவன்தான் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு தள்ளிவிட்டவன்."